பூத்தில் யார் உட்கார்வது?

இங்கிலாந்தில் ஒரு பவுண்டு கொடுத்தால் ஒரு டெலிபோன் கூண்டு கிடைக்கும். தனி ஆளுக்குத் தரமாட்டார்கள். ஊராட்சி மாதிரியான உள்ளூர் மன்றமோ, பதிவு பெற்ற அறக்கட்டளையோ கேட்க வேண்டும். பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் 2008-ல் இதைத் தொடங்கியது. செல்போன் வந்தபிறகு யாரும் காசு போடாமல் நின்றுகொண்டிருந்த சிவப்புக் கூண்டுகளிலிருந்து போனை மட்டும் கழற்றிக்கொண்டு, கூண்டை ஊர்க்காரர்களிடமே விட்டுவிடுவது. இதுவரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கூண்டுகள் இப்படிக் கைமாறியிருக்கின்றன. சிலவற்றில் மாரடைப்பு வந்தவருக்கு அவசரத்துக்குப் பயன்படும் மின்அதிர்ச்சிக் கருவியை மாட்டியிருக்கிறார்கள். நிறையக் கூண்டுகள் நூலகமாகிவிட்டன.

சாமர்செட் பகுதியில் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் என்று ஒரு கிராமம். அங்கே வந்துகொண்டிருந்த நடமாடும் நூலக வண்டி நின்றுபோனது. 2009-ல் ஊர்க்காரர்கள் தங்கள் தெருவிலிருந்த கூண்டை ஒரு பவுண்டுக்கு வாங்கி, உள்ளே பலகை அடித்து, நூறு புத்தகம் போல அடுக்கினார்கள். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். சந்தா கிடையாது, பூட்டு கிடையாது, பகலும் ராத்திரியும் திறந்திருக்கும்.

அந்தக் கூண்டுகளை வரைந்தவர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகக் கட்டடமும் அவர் வரைந்ததுதான், 1934-ல் திறந்தார்கள். அடுத்த வருஷம், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி, ஊர் ஊருக்கு நின்ற அந்த வார்ப்பிரும்புக் கூண்டை வரைந்து கொடுத்தார். லட்சக்கணக்கான புத்தகத்துக்கு ஒரு கட்டடமும் ஒரே ஒரு ஆள் நிற்க ஒரு கூண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை. எழுபது எண்பது வருஷம் கழித்து இரண்டாவதும் நூலகமாகும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை.

இப்படி ஒரு சிவப்புக் கூண்டின் படம் போன வருஷம் எங்கள் ஊர் வாட்ஸப் குழுவுக்கு வந்தது. ஊரைவிட்டு வெளியே போனவர்களும் ஊரிலேயே இருக்கிற பொடியன்களுமாக அறுபது பேர் இருக்கிற குழு. சென்னை, பெங்களூரு, திருப்பூர், சிங்கப்பூர், துபாய். வழக்கமாகத் திருவிழா வசூல், யாருக்காவது ரத்தம் தேவை, கும்பாபிஷேகப் பத்திரிகை, இவைதான் வரும். படத்துக்குக் கீழே ஒருவன் கேட்டிருந்தான்: "நம்மூரு பூத்த இதே மாதிரி பண்ணா என்னங்கண்ணா?"

பத்து நிமிஷத்தில் முப்பது கைதட்டல் பொம்மை விழுந்தது. ஒருவர் பெயிண்டுக்குப் பணம் தருகிறேன் என்றார். இன்னொருவர் சிவப்பு வேண்டாம், பழைய மஞ்சளே இருக்கட்டும் என்றார். நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேச்சு போனது. அந்த பூத்தில் முன்பு இருந்தவரைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. 

*

எங்கள் ஊர் ஆத்தூரிலிருந்து தலைவாசல் போகிற வழியில், உளுந்தூர்பேட்டை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. சேலம் மாவட்டத்தின் கிழக்குப் பக்கம். வடக்கே கல்வராயன் மலை தெரியும். வசிஷ்ட நதி என்று ஒன்று உண்டு. மழைக்காலத்தில் மட்டும் பெயருக்குத் தகுந்தபடி நடந்துகொள்ளும். சுற்றிலும் குச்சிக்கிழங்குக் காடு. மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், இங்கே அப்படிச் சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள். கிழங்கை அரைத்து மாவெடுத்து ஜவ்வரிசி ஆக்குகிற சேகோ பேக்டரிகள் ரோட்டோரம் வரிசையாக இருக்கும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஊர் வந்துவிட்டது என்பது மூக்குக்குத்தான் முதலில் தெரியும். ஊறிய கிழங்கின் புளித்த வாசனை.

இந்தப் பக்கத்து ஆண்கள் எப்போதும் ஊரில் இருந்ததில்லை. லாரி ஓட்டப் போனார்கள். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மகாராஷ்டிரம், மத்தியப்பிரதேசம் என்று மாதக்கணக்கில் போனார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். அதனால்தான் ஒரு காலத்தில் எங்கள் ஊருக்குக் கோயிலுக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்ந்த இடம் எஸ்.டி.டி. பூத்.

அது இன்னும் நிற்கிறது. டீக்கடையை ஒட்டி, ஆறடிக்கு எட்டடி ஒட்டுக்கடை. அதற்குள் ஒரு மூலையில் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் வைத்த, ஒரு ஆள் நிற்கிற கேபின். இப்போது கேபினுக்குள் காலி சோடா கிரேட்டும், போன திருவிழாவின் சீரியல் பல்பும் கிடக்கின்றன. 'பி.சி.ஓ.' என்ற எழுத்து மஞ்சளில் பாதி உரிந்திருக்கிறது. படம் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது இந்த கேபின்தான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே நாலு பலகை, முடிந்தது வேலை.

ஆனால் நம்மூர் பூத், இங்கிலாந்துக் கூண்டின் தங்கச்சி இல்லை. இரண்டும் வேறு வேறு பிறப்பு. அங்கே கூண்டு என்றால் காசு போடுகிற இயந்திரம். ஆள் வேண்டாம் என்பதுதான் அதன் அடிப்படை. போவோம், காசு போடுவோம், பேசுவோம், வருவோம். இங்கே பூத் என்றால் ஓர் ஆள்.

இது தற்செயலாக நடந்ததில்லை. ஒடிஷாவில் பிறந்து, அமெரிக்காவில் தொலைபேசி இணைப்பகங்களை வடிவமைத்துக்கொண்டிருந்த சாம் பிட்ரோடா இங்கே திரும்பி வந்து, 1984-ல் சி-டாட் என்ற அரசு ஆய்வு மையம் தொடங்கியது. ஏசி இல்லாமல், வெயிலிலும் தூசியிலும் வேலை செய்கிற 128 இணைப்பு கொண்ட சின்ன இணைப்பகம் ஒன்றைச் செய்தார்கள். 1986-ல் கர்நாடகத்தில் கிட்டூர் என்ற ஊரில் அதைப் பொருத்தினார்கள். வீட்டுக்கொரு போன் என்பது அன்றைக்கு நடக்காத காரியம். இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம். ஆனால் தெருவுக்கொரு போன் முடியும். அதைக் காசு போடும் இயந்திரமாக வைக்காமல், ஒரு மேஜை, ஒரு மீட்டர், ஒரு மனிதர் என்று வைத்தார்கள். அந்த மனிதருக்குக் கமிஷன். பூத் ஒதுக்கும்போது மாற்றுத்திறனாளிகள், கணவரை இழந்த பெண்கள், முன்னாள் ராணுவத்தினர் போன்றவர்களுக்கு முன்னுரிமை. போனும் வந்தது, லட்சக்கணக்கானவர்களுக்கு உட்கார்ந்து செய்கிற ஒரு பிழைப்பும் வந்தது. 1994-ன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 1997-க்குள் எல்லாக் கிராமத்துக்கும் போன் என்று இலக்கு வைத்தது. எங்கள் ஊருக்கு பூத் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

*

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூத் அக்கா. சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பியவர். பத்தாவது முடித்திருந்தார். 'ஊனமுற்றோர் கோட்டா' என்று அன்றைக்குச் சொன்ன ஒதுக்கீட்டில் பூத் கிடைத்தது.

அவர் செய்த வேலையை இன்றைக்கு இருபது வயதுக்காரர்களுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். ரேட் கார்டு, சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர், கிர்ரென்று பில் துப்புகிற குட்டி பிரிண்டர், இவையெல்லாம் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். ராத்திரி ஆக ஆகக் கட்டணம் பாதியாகும், அப்புறம் காலாகும். அதற்காக ஜனங்கள் தூக்கம் முழித்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வேலை இதில் பாதிகூட இல்லை. மீதி, உள்ளே வருகிற அழைப்புகள். கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் போன் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். சொந்த போன் இல்லை, பக்கத்தில் கூப்பிட்டால் ஆள் வரும் என்று அர்த்தம். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு பூத் அக்காதான் பி.பி.

நாக்பூரிலிருந்து ரிக் வண்டிக்காரர் கூப்பிடுவார். அக்கா வீட்டுப் பெயரைக் கேட்டுக்கொண்டு, "பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க மாமா, ஆளு அனுப்பறேன்" என்று வைத்துவிட்டு, அந்தப் பக்கம் விளையாடிக்கொண்டிருக்கிற எவனையாவது விரட்டுவார். அந்தம்மா கையில் மாவோடு ஓடி வரும். யார் வீட்டுக்கு எங்கிருந்து போன் வரும், யாரிடம் காசு இல்லாவிட்டாலும் பேச விடலாம், எந்தச் செய்தியை உடனே சொல்ல வேண்டும், எதை அந்த வீட்டுப் பெரியவரிடம் மட்டும் சொல்ல வேண்டும், எல்லாம் அவருக்குத் தெரியும். கடன் எழுதுகிற ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். அந்த நோட்டில் ஊரே இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. போன் லைன் கிடைக்கக் காத்திருப்பவர்களுக்கு நேரம் போக வேண்டுமே. கவுண்டருக்கு மேலே ஒரு கயிறு கட்டி, பாக்கெட் நாவல்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன், ராணிமுத்து. ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் பழைய பிரதியாகக் கட்டு கட்டாக வாங்கி வருவார். உட்கார்ந்து படித்தால் காசு இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போனால் நாளைக்கு ஐம்பது காசு. அதே நீள நோட்டின் பின்பக்கத்தில் அதற்குக் கணக்கு. நாங்கள் ஸ்கூல் பிள்ளைகள் கேட்டால் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உனக்கு வேணாங் கண்ணு" என்று வேறு ஒன்றைக் கொடுப்பார். பழைய அம்புலிமாமாக்களை எங்களுக்கென்று தனியாக ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார்.

வாட்ஸப்பில் படம் வந்த அன்று இரவு எனக்கு இது ஞாபகம் வந்தது. ஓய்ந்துபோன டெலிபோன் பூத்தை இரவல் நூலகமாக்குவோம் என்று ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அது ஓய்வதற்கு முன்னாலேயே இரவல் நூலகமாகத்தான் இருந்தது. 

*

2003-ல் செல்போனுக்கு வருகிற அழைப்புகள் இலவசமாயின. அதற்கு முன்னால் கூப்பிட்டாலும் காசு, எடுத்தாலும் காசு. அதன் பிறகு கையில் ஒரு போன் இருந்தால் போதும், பேலன்ஸ் இல்லாவிட்டாலும் நாக்பூரிலிருந்து குரல் வரும். பி.பி. என்ற எழுத்து பத்திரிகைகளிலிருந்து காணாமல் போனது. பெட்டிக்கடைகளில் ஒரு ரூபாய்க் காயின் பாக்ஸ் கொஞ்ச நாள் தொங்கியது. பிறகு அதுவும் இல்லை. 2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தியபோது செய்தித்தாள்களில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பூத்துகள் மூடப்பட்டதற்கு அப்படி ஒரு தேதிகூடக் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு ஆள், ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

பூத் அக்கா கொஞ்ச காலம் ரீசார்ஜ் கூப்பன் விற்றார். அதற்கப்புறம் சேகோ பேக்டரியில் கிழங்குத் தோல் உரிக்கப் போனார். உட்கார்ந்தபடியே செய்யலாம் என்பதால். இப்போது வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். மோட்டார் வைத்த மெஷின், கால் மிதிக்க வேண்டியதில்லை.

*

நூலகத்துக்கு ஆள் முக்கியம் என்பதை இந்த மண்ணில் பிறந்த ஒருவர் ரொம்ப காலத்துக்கு முன்பே எழுதிவிட்டார். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகராக்கியது. 1931-ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக்கினார். உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். புத்தகம் அடுக்கி வைக்க அல்ல, பயன்படுத்தத்தான் என்பது முதல் விதியின் சாரம். அதை விளக்கும்போது நூலகம் இருக்கிற இடம், திறந்திருக்கும் நேரம், உள்ளே இருக்கும் மேஜை நாற்காலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் அங்கே வேலை செய்கிறவரிடம் வந்து நிற்கிறார். மற்றதெல்லாம் சரியாக இருந்து இவர் சரியில்லாவிட்டால் அந்த நூலகம் நடக்காது என்கிறார்.

அதே 1931 அக்டோபரில், மன்னார்குடி பக்கம் மேலவாசல் கிராமத்தில் ஒரு மாட்டு வண்டி நூலகத்தை அவர் தொடங்கிவைத்தார். கனகசபைப் பிள்ளை என்பவர் முன்னின்று செய்த ஏற்பாடு. புத்தகப் பெட்டியை மாட்டு வண்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. அதுவும் ஒரு பெட்டிதான். ஆனால் வண்டியோடு ஆளும் போனார்.

அப்புறம் சட்டம் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல் நூலகச் சட்டம். அதன்படி நாம் கட்டுகிற சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரியும். புத்தகமே தொடாத வீடும் நூலகத்துக்குக் காசு கட்டிக்கொண்டிருக்கிறது.

2006-ல் 'அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்' வந்தது. அன்றைக்கிருந்த 12,618 ஊராட்சிகளையும் ஐந்து வருஷத்தில் முடிப்பதாகத் திட்டம். ஊராட்சிக்கு ஒரு நூலகம் அதில் ஒரு பகுதி. நினைத்துப் பார்த்தால் பெரிய காரியம். பன்னிரண்டாயிரம் ஊரில் அலமாரி, மேஜை, புத்தகம். பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அவருக்குச் சொற்ப மதிப்பூதியம். அதற்கப்புறம் அவற்றில் பல பூட்டிக் கிடந்ததையும் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். சில ஊர்களில் நன்றாக நடந்தன. நடந்த ஊரில் விசாரித்தால் ஒரு மனிதரைத்தான் கை காட்டுவார்கள். அந்த அம்மா விடமாட்டாங்க, அந்த சார் தினமும் வந்துருவாரு, இப்படி.

எங்கள் ஊர் வாலிபர்கள் நடத்திய படிப்பகம் ஒன்று இருந்தது. ஓட்டுக் கட்டடம், இரண்டு பெஞ்சு, தினத்தந்தி, ஒரு கேரம் போர்டு. காலை ஆறு மணிக்கு ஒருவர் வந்து திறப்பார். அவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போன வருஷத்திலிருந்து அது மூடியிருக்கிறது. கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடுகூட உடையவில்லை.

*

பெட்டி இல்லாமலே நூலகம் நடத்தியவர்களும் இருக்கிறார்கள். இடுக்கி மாவட்டத்துக் காட்டுக்குள் எடமலைக்குடி என்ற பழங்குடி ஊராட்சி. அங்கே பி.வி.சின்னத்தம்பி என்ற பெரியவர் ஒரு டீக்கடை வைத்திருந்ததைப் பற்றி 2014-ல் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார். அன்றைக்கு நடந்துதான் போக முடிந்த இடம். டீக்கடையில் 160 புத்தகம், சாக்கு மூட்டையில். வாங்கிப் போகிறவர்கள் முதுவான் மக்கள். உறுப்பினராக ஒருமுறை 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். கட்டஞ்சாயா இலவசம். ஒரு நோட்டுப் போட்டு யார் எதை எடுத்தார் என்று ஒழுங்காக எழுதியிருந்தார். அந்த நோட்டின்படி 2013-ல் 37 புத்தகம் இரவல் போயிருக்கிறது. பட்டணத்துக் கணக்கில் 37 ஒன்றுமில்லை. காட்டுக்குள் 160 புத்தகத்தில் 37 என்பது வேறு கணக்கு.

தூத்துக்குடியில் பொன்.மாரியப்பன் தன் சலூனில் நூலகம் வைத்திருப்பது நிறையப் பேருக்குத் தெரிந்ததுதான். 2020 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் அவரோடு பேசினார். முடிவெட்டக் காத்திருக்கிறவர் படித்தால் கட்டணத்தில் தள்ளுபடி. இது பூத் அக்காவின் கயிறும் கிளிப்பும்தான். ஜனங்கள் எப்படியும் வந்து காத்திருக்கிற இடம், அங்கே எப்படியும் இருக்கிற ஒரு ஆள், கை எட்டுகிற தூரத்தில் புத்தகம். இந்த மூன்றில் மாரியப்பனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அலமாரிதான்.

வெஸ்ட்பரி கூண்டு ஆளில்லாமல் நடக்கிறதே என்று கேட்கலாம். நடக்கிறது. அங்கே வீட்டில் படித்து முடித்த புத்தகம் மிச்சம் இருக்கிறது, அதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். எங்கள் ஊரில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் இருக்கிற வீட்டை விரல் விட்டு எண்ணலாம். ஒன்றை எடுத்தால் ஒன்றை வை என்று பலகை மாட்டினால், வைப்பதற்கு இல்லாத பிள்ளை எடுக்கவும் கூச்சப்படும். அப்புறம் வெயில். சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கண்ணாடி கேபினுக்குள் கை வைத்துப் பாருங்கள். பசை உருகி அட்டை கழன்றுவிடும். மழைக்காலத்தில் கரையான். யாராவது தினமும் தட்டித் துடைத்துக்கொண்டே இருந்தால்தான் இங்கே காகிதம் பிழைக்கும்.

*

இதையெல்லாம் குழுவில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும் என்றதும் பேச்சின் வேகம் குறைந்தது. பெயிண்டு, பலகை, பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் 18,000 ரூபாய் இரண்டு நாளில் சேர்ந்திருந்தது. ஒரு தடவை கொடுக்கிற பணம். படம் எடுக்கலாம், திறப்பு விழா வைக்கலாம்.

"வாலண்டியர்ஸ் போதும், ஆளுக்கு ஒரு நாள்" என்றார் ஒருவர். ஊரில் இருக்கிற பையன்கள் ஷிப்டுக்குப் போகிறவர்கள். "சிசிடிவி வெச்சிரலாம்" என்றார் சிங்கப்பூர்க்காரர். "நேர்மைக் கடை மாதிரி திறந்து விட்டுரலாம், தொலஞ்சா தொலையட்டும்" என்றது ஒரு குரல். ஒருவர் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "வரி கட்டறோம்ல? கவர்மெண்டு நூலகத்தக் கேக்காம நாம எதுக்கு பொட்டி வெக்கணும்?"

அந்தக் கேள்வியை எளிதில் தள்ள முடியவில்லை. இங்கிலாந்தில் 2010-க்குப் பிறகு சிக்கன நடவடிக்கை என்று நூற்றுக்கணக்கான பொது நூலகங்களை மூடினார்கள். சம்பளத்துக்கு வேலை செய்த நூலகர்கள் போனார்கள். அதே வருஷங்களில்தான் சிவப்புக் கூண்டு நூலகங்களின் அழகான படங்கள் உலகம் சுற்றின. கூண்டு வைத்தவர்கள்மேல் தப்பில்லை. வண்டி நின்றுபோன ஊர் வேறென்ன செய்யும்? ஆனால் படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு, நூலகம் என்றால் யாருக்கும் செலவில்லாத ஒன்று என்று தோன்றிவிடுகிறது. எங்கள் குழுவுக்கும் அதுதான் தோன்றியிருந்தது. ஊராட்சியில் மனு கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும் என்று முடிவாயிற்று. அது ஒரு பக்கம் நடக்கட்டும். இப்போது மூன்றாவது படிக்கிற பிள்ளை மனு பைசலாகிறபோது கல்லூரிக்குப் போயிருக்கும்.

கணக்குப் போட்டோம். பதினைந்து பேர் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் 3,000. தினமும் சாயங்காலம் நாலிலிருந்து ஏழு, ஞாயிறு காலையும். பெரிய சம்பளம் இல்லை. ஆனால் சம்பளம்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பூத் அக்கா வீட்டுத் திண்ணைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெயிண்டு யாரு அடிக்கறா?"

"பசங்க அடிக்கறாங்கக்கா."

"அது இருக்கட்டும். மூவாயிரம் எத்தன மாசத்துக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதுவரை அந்தக் கேள்வியைக் குழுவில் யாரும் கேட்டிருக்கவில்லை. அவர் நூலை வாயால் கடித்து அறுத்தார்.

"ஏங் கேக்கறேன்னா கண்ணு, சாயங்காலம் நாலுமணியிலிருந்துதான் எனக்குத் துணி வரும். ஸ்கூல் விட்டு வர்ற டீச்சருங்க குடுத்துட்டுப் போவாங்க. நான் அங்க வந்து உக்காந்துட்டன்னா அந்தத் துணி வேற வூட்டுக்குப் போயிரும். ஆறு மாசம் கழிச்சு நீங்க விட்டுட்டீங்கன்னா துணி திரும்பி வராது. ஒருக்கா அப்படி ஆச்சில்ல."

போன் போனதைத்தான் சொன்னார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அப்புறம் அவரே பேசினார். மெஷினை அங்கேயே கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். கேபினுக்கு வெளியே, பழைய கவுண்டர் இருந்த இடத்தில். துணியும் வாங்கிக்கொள்வார், நோட்டும் பார்த்துக்கொள்வார். கரண்டு பில் குழு கட்ட வேண்டும். ஃபேன் வேண்டும். பணம் ஒண்ணாம் தேதி வந்துவிட வேண்டும், கேட்டு வாங்குகிற மாதிரி வைக்கக்கூடாது. நோட்டில் யார் பெயரையும் குழுவில் போட்டோ எடுத்துப் போடக்கூடாது, "எந்தப் புள்ள எதப் படிக்குதுன்னு ஊருக்கு எதுக்கு?"

"திருப்பிக் குடுக்கலன்னா என்னக்கா பண்ணுவீங்க?"

"குடுக்காம எங்க போவும்? யாரு வூட்டுப் புள்ளன்னு எனக்குத் தெரியாதா?"

சிசிடிவி யோசனைக்கு இதைவிட நல்ல பதிலைக் குழுவில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பி வந்து எழுதினேன். இரண்டு வருஷப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவது என்று பேசி முடித்தோம். 72,000 ரூபாய். இதை எழுதுகிற இன்றைக்கு 41,000 வந்திருக்கிறது. பெயிண்டுக்கு வந்த பணத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு வாக்கெடுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் உரிந்தபடியே இருக்கட்டும் என்பவர்கள் கொஞ்சம் முன்னால் இருக்கிறார்கள். புத்தகத்துக்குக் கவலையில்லை. பெங்களூரில் இருக்கிற இரண்டு பேர் தலா ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார்கள், என்னிடமும் ஒரு பெட்டி கட்டி வைத்திருக்கிறேன்.

போன வாரம் பூத் அக்கா தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் கேபினுக்குள் அளந்திருக்கிறார். டீக்கடைக்காரர் போனில் சொன்னார். ஆசாரியிடம் ஐந்து பலகை என்று நாங்கள் சொல்லியிருந்தோம், அவர் மூன்றாகக் குறைத்துவிட்டாராம். ஸ்டூலில் உட்கார்ந்தபடி கை எட்டுகிற உயரம் வரைக்கும்தான் பலகை. அதற்கு மேலே ஒரு கயிறு.